பார்க்காமல் குத்திய முத்திரை

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். ஏற்றுமதிச் சான்று கொடுக்கும் ஆபீசில் வேலை பார்க்கிறாளாம். நம் சர்க்கார் ஏதோ ஒரு நாட்டோடு புதிதாக வியாபார ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அதில் உள்ளபடி நீங்கள் செய்யவில்லை என்று ஒரு கம்பெனிக்காரர் அவர்கள் ஆபீசர் மேல் கேஸ் போடப் போகிறார் என்றாள்.

"பெரியம்மா, நீங்க அந்தக் காலத்துல இப்படி ஒரு கேஸுல சாட்சி சொன்னீங்களாமே. ஒப்பந்தத்தைக் காட்டி கோர்ட்டுல ஜெயிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன். பிழைகளைச் சங்கச் செயலாளர் திருத்தியிருக்கிறார். விஷயத்தில் அவர் கை வைக்கவில்லை. வைக்க நான் விடவும் இல்லை.

என் பேர் கன்னியம்மா. திருப்பாச்சூர் பக்கம் கழனி வேலைக்குப் போய்ப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அறுபதுகளில் என் வீட்டுக்காரர் போன பிறகு, திருவள்ளூரில் இருந்த கைத்தறிப் பரிசோதனை ஆபீசில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். முதியோர் வகுப்புக்குப் போய்க் கையெழுத்தும் நம்பரும், எழுத்துக் கூட்டவும் படித்தேன். மூன்றாம் வருஷம் முத்திரை குத்துகிறவர் மாற்றலாகிப் போனார். வேறு ஆள் வரும்வரைக்கும் என்று என்னை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். வேறு ஆள் வரவே இல்லை. ரிடையர் ஆகும்வரைக்கும் நான்தான் குத்தினேன்.

அந்த ஆபீஸ் எதற்கு இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வெளிநாடு, நம் நாட்டுப் பருத்தித் துணி வருஷத்துக்கு இவ்வளவுதான் வரலாம் என்று அளவு வைத்திருந்தது. கைத்தறிக்கு மட்டும் அந்த அளவு கிடையாது என்று ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் எழுதியிருந்தன. ஆனால் இது கைத்தறிதான் என்று நம் பக்கத்து ஆபீசர் பார்த்து முத்திரை போட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத துணி கப்பல் ஏறாது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெய்த கட்டம் போட்ட துணி எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்துதான் துறைமுகம் போனது.

முத்திரை பித்தளையில் செய்தது. அதை வைக்கும் பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி இன்ஸ்பெக்டர் ஐயாவிடம், இன்னொன்று என் இடுப்பில். ரெண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். துணிக்கட்டைப் பிரித்து, பத்துக்கு ஒன்றாக உருவி, ஜன்னல் ஓரத்து மேஜையில் விரிப்பேன். ஐயா கண்ணாடி வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க அகலவாட்டில் ஒரு கழியை மாட்டி இழுத்து வைப்பார்கள். அதன் ஊசி பட்ட பொட்டுகள் ரெண்டு ஓரத்திலும் வரிசையாக இருக்கும். கடைசியாகத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். அங்கங்கே மெல்லிசாக ஒரு கோடு தெரியும். நெசவாளி சாப்பிடவோ, அழுகிற பிள்ளையைத் தூக்கவோ எழுந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்த இடம் அது. விசைத்தறி எழுந்து போகாது.

"கன்னியம்மா, இதுல எத்தனை தடவை எழுந்து போயிருக்காங்க?" என்பார் ஐயா.

"நாலு தடவைங்க."

"அஞ்சு. கடைசிப் பக்கம் ஒண்ணை விட்டுட்டீங்க பாருங்க."

ஒரு வருஷத்துக்குள் நான் விடுவது நின்றுபோனது. பிறகு அவர் விட்டதை நான் சொல்ல ஆரம்பித்தேன்.

ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அந்தக் காலத்தில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆபீசர் அவர். துணியைத் தொடும் முன் கை கழுவி, தன் சொந்தத் துண்டில் துடைப்பார். துணி மேஜையில் இருக்கும்வரை உட்கார மாட்டார். நெசவாளிகள் காபி வாங்கி வந்தால், "நீங்க குடிங்க, எனக்குக் கூஜாவுல தண்ணி இருக்கு" என்பார். ஒரு துணி சரியில்லை என்றால் அதட்ட மாட்டார். "இது வேண்டாம்" என்று இடது பக்கம் வைப்பார். ஏன் வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். யாராவது சண்டைக்கு வந்தால், ஃபைலை அவர்கள் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்துத் தமிழில் சொல்வார். குரல் ஏறாது.

நெசவாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சரக்கு வரும்போது, முதல் துணியை வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கொண்டு வருவார்கள். மூலையில் மஞ்சள் தடவி, சூடம் ஏற்றி, அதற்கு முதல் முத்திரை குத்தச் சொல்வார்கள். பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஐயாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தடுக்க மாட்டார். தன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நிற்பார். திரும்பி வந்து, முத்திரை விழுந்த துணியையும் சேர்த்தே பரிசோதிப்பார். அதுவரைக்கும் அப்படி முதல் முத்திரை வாங்கின துணி ஒன்றுகூடக் கழிபட்டதில்லை. அதனால் அதை ஒரு தப்பாக நாங்கள் ரெண்டு பேருமே நினைக்கவில்லை.

எழுபது வாக்கில் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துச் சங்கம் ஒன்றிலிருந்து நாற்பது கட்டு வந்தது. அறுபது வீட்டுத் தறியில் நாலைந்து மாசம் நெய்த சரக்கு. சங்கத் தலைவர் துரைசாமி. அவரும் அவர் வீட்டுக்காரி அமிர்தம்மாவும் முதல் துணியை எடுத்து வந்தார்கள். ஐயா சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் துணியைத் தொட்டேன். வழவழ என்றிருந்தது. ஓரத்தில் பொட்டு தட்டுப்படவில்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால் மெட்ராஸ் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. உருளை மிஷினில் விட்டு அழுத்தின துணிக்கு முத்திரை கிடையாது என்று. யாரோ விசைத்தறித் துணியை அழுத்திக் கைத்தறி என்று ஏமாற்றினார்களாம். அழுத்தினால் பொட்டும் கோடும் மறைந்து, எது கைத்தறி என்று தெரியாமல் போய்விடும். ஐயா அதை எனக்குச் சொல்லியிருந்தார். இங்கிலீஷ் காகிதத்தை வாசல் பலகையிலும் ஒட்டியிருந்தோம். எந்த நெசவாளி அதைப் படிப்பார்?

என் கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சூடம் எரியும்போது, மஞ்சள் வைத்துக் கும்பிட்டு நிற்கும்போது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குத்தினேன். மூன்று எண்ணி நேராகத் தூக்கினேன். கொஞ்சமும் தீற்றாமல் விழுந்தது.

அப்புறம் ஐயா உள்ளே வந்தார். கட்டுகளைப் பிரித்தோம். அரை நாள் பார்த்தார். ஒவ்வொன்றாக இடது பக்கம் போனது. நாற்பது கட்டும் போனது.

துரைசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சார் இது? கடல் தாண்டிப் போற துணி, கசங்கலா அனுப்பினா நம்ம மானம் இன்னாவுறது? கும்மிடிப்பூண்டி ரோட்டுல புச்சா ஒரு பட்டறை வந்துகீதுன்னு, வண்டி வெச்சி எடுத்துகினு போய் மிஷின்ல அழுத்தியாந்தோம். யாரும் கேக்கல, நாங்களா செஞ்சோம். பொண்ணு கட்டிக் குடுக்கறப்போ தல சீவாமலா அனுப்புவோம்?"

"தலை சீவினது தப்பில்லைங்க. அடையாளத்தையும் சேர்த்துச் சீவிட்டீங்க," என்றார் ஐயா.

"வந்து தறியப் பாரு சார். அறுவது ஊடு. எந்த ஊட்லனா மிஷின் இருந்தா எங்களக் கேளு."

"நீங்க கையால நெய்ததுதான்னு எனக்குத் தெரியும். ஒப்பந்தத்துலயும் உருளை பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனா மேலிடத்து உத்தரவு இருக்கு. நான் அதுக்குக் கட்டுப்பட்டவன்."

அமிர்தம்மா முன்னால் வந்து கேட்டாள்: "ரெண்டு தேசம் ஒக்காந்து எழுதினது பெருசா, உங்க மேலிடத்துல ஒருத்தர் எழுதினது பெருசா?"

ஐயா ஃபைலைத் திருப்பவில்லை. "அதுக்குப் பதில் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லம்மா," என்றார்.

அந்தக் கேள்விதான் கோர்ட்டுக்குப் போனது. சர்க்கார் மேல் கேஸ் போட வேண்டுமானால் நோட்டீஸ் கொடுத்து ரெண்டு மாசம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். வாங்குகிறவர் அடுத்த கப்பல் வரைக்கும் பொறுக்கிறேன் என்றார், அதற்கு மேல் முடியாது என்றார். சரக்கு போகாததால் சங்கத்துக்கு நூல் வரவில்லை. அறுபது தறியில் பாதி நின்றது. சில பேர் கும்மிடிப்பூண்டியில் புதுசாக எழும்பின ஃபாக்டரிகளுக்குச் செங்கல் சுமக்கப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டில் நடந்த வாதத்தை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். சர்க்கார் வக்கீல் சொன்னார்: ஒப்பந்தம் என்பது ரெண்டு சர்க்கார் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. அதை மீறினால் அந்த சர்க்கார்தான் கேட்கலாம். நம் பார்லிமெண்ட் அதைச் சட்டமாக்காதவரை எந்த நெசவாளியும் அதை எடுத்துக்கொண்டு இந்தக் கோர்ட்டுக்கு வர முடியாது. ஆபீசர் தன் இலாகா சொன்னபடி நடந்திருக்கிறார்.

சங்கத்தின் வக்கீல் சின்ன வயசுக்காரர். அவர் விடவில்லை. "அந்த ஆபீஸ் எதனால் வந்தது? ஒப்பந்தத்தால் வந்தது. முத்திரை எதனால் வந்தது? ஒப்பந்தத்தால். அதைக் குத்தும் அம்மாவுக்கு வேலை கிடைத்ததும் ஒப்பந்தத்தால்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஆபீசர் சொன்னால் எப்படி?" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் அந்த வாதம் நிற்குமா என்று அவருக்கே சந்தேகம். அதனால் இன்னொன்றையும் பிடித்திருந்தார். முதல் துணியில் முத்திரை இருக்கிறது. ஆபீஸ் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்டதை அப்புறம் மறுக்கக் கூடாது. இதற்கு ஒப்பந்தமே தேவையில்லை, நம் ஊர்ச் சட்டமே போதுமாம். அதற்குச் சாட்சி நான்.

நான் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் துரைசாமி ஆபீஸ் வாசலில் நின்றார். "கன்னிம்மா, ஒண்ணும் பெருசா சொல்ல வாணாம். பாத்துட்டுத்தான் குத்தினோம்னு சொல்லு. அறுவது ஊட்ல அடுப்பு எரியும்," என்றார். கை கூப்பினார். என்னைவிடப் பெரியவர், எங்கள் ஜனத்தைத் தறிக்குப் பக்கத்தில்கூட விடாத ஜாதி. கை கூப்பினார்.

அதே மத்தியானம் சர்க்கார் வக்கீலின் குமாஸ்தா வந்தார். "சாவிய நீயாதான் எடுத்தே, இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதுன்னு சொல்லிடும்மா. அவருக்கு புரமோஷன் வர்ற நேரம். நீ படிக்காதவ, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்றார்.

ஐயாவிடம் ரெண்டையும் சொன்னேன். அவர் அன்றைய ரிஜிஸ்தரை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நடந்ததைச் சொல்லுங்க. சாவியை நான்தான் கொடுத்தேன். அதையும் சொல்லுங்க." அவ்வளவுதான். மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.

கூண்டில் ஏறினேன். சத்தியம் வாங்கினார்கள். சர்க்கார் வக்கீல் குறுக்கே வந்தார். "படிப்பு எதுவரைக்கும்?"

"கையெழுத்துப் போடுவேன். நம்பர் படிப்பேன். தமிழ்னா எழுத்துக் கூட்டுவேன்."

"அப்போ கைத்தறி எது, மில்லு எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கோட்டு மில்லு. ஜட்ஜ் ஐயா மேஜையில விரிச்சிருக்கிறது கைத்தறி. நெய்தவங்க நடுவுல ஒருதரம் எழுந்து போயிருக்காங்க, கோடு இங்கிருந்தே தெரியுது."

ஜட்ஜ் விரிப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கோர்ட்டே சிரித்தது. சங்கத்தின் வக்கீலுக்கு முகமெல்லாம் வெளிச்சம். எழுந்து கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்ச நீங்க, அந்த முதல் துணியைத் தொட்டுப் பார்த்துத்தானே முத்திரை குத்தினீங்க?"

"தொட்டேன்."

"கைத்தறிதானே?"

"நெய்தது கையால. ஆனா உருளையில போட்டது. அது கைக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் குத்தினீங்க. அப்போ அது சரின்னுதானே குத்தினீங்க?"

அவர் எனக்கு வழி காட்டுகிறார் என்று புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பெஞ்சில் துரைசாமி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அமிர்தம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றேன். "அது வழக்கத்துக்குக் குத்தினது. சூடம் ஏத்தி நின்னாங்க, வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஐயா அப்போ துணியைப் பார்க்கல. சாவியை மட்டும் கொடுத்தார். எப்பவும் அப்படித்தான் கொடுப்பார். பார்க்காம குத்தின முத்திரை அது. தப்பு எங்களுது."

ஜட்ஜ் தானே அதை எழுதிக்கொண்டார். நான் இறங்கி வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

தீர்ப்பை இங்கிலீஷில் படித்தார்கள். சின்ன வக்கீல் வராந்தாவில் எல்லாருக்கும் தமிழில் சொன்னார். ஒப்பந்தம் சர்க்காருக்கு சர்க்கார் பேசினது, சட்டமாக வராதவரை அதைக் கொண்டு ஆபீசரை இந்தக் கோர்ட் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கத்துக்குக் குத்தின முத்திரை பரிசோதனை ஆகாது. கேஸ் தள்ளுபடி. ஆபீசர் விரும்பினால் தன் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும், அதற்குத் தடை இல்லை.

துரைசாமி என்னைப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். கூட வந்த ஒரு நெசவாளி, "சர்க்கார் சோறு துன்றவ, வேற இன்னா சொல்லுவா," என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டு போனார். கப்பல் போய்விட்டது. கட்டுகள் லுங்கிக்கும் திரைச்சீலைக்குமாக மெட்ராசில் வந்த விலைக்குப் போனதாகக் கேள்வி.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ஐயாவுக்கும் வந்தது, புரமோஷனும் நின்றது. தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்தத்தின் வாசகத்தை எடுத்து எழுதி, இதில் உருளையைப் பற்றி ஒன்றும் இல்லை, தறியிலேயே போய்ப் பார்த்து அடையாளச் சீட்டுக் கட்டிவிட்டால் அழுத்தின பிறகும் முத்திரை தரலாமே என்று கேட்டார். பதில் இல்லை. மாசம் ஒன்று போனதும் நினைவூட்டி எழுதினார். இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு நகலையும் ஃபைலில் நூல் கோத்துக் கட்டினது நான்தான்.

கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதுதான் என் பதில். ஒப்பந்தத்தைக் காட்டி அன்றைக்குக் கோர்ட்டில் ஜெயிக்க முடியவில்லை. இன்றைக்கு என்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது, வக்கீலைக் கேட்டுக்கொள். ஆனால் கோர்ட் கட்டாயப்படுத்தாததை ஒரு ஆபீசர் தானே செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐயா முதல் கடிதம் எழுதின ஏழாம் மாசம் மெட்ராசிலிருந்து சுற்றறிக்கை மாறி வந்தது. ஐயா கேட்டபடியே இருந்தது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். "பலகையில ஒட்டினா போன தடவை மாதிரிதான் ஆகும். நீங்களே போய்ப் படிச்சுக் காட்டிட்டு வாங்க," என்றார்.

பஸ்ஸில் போனேன். துரைசாமி வீட்டில் தறி இருந்த இடத்தில் பாதி காலி. அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பக்கத்தாளைப் படிக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

"இத்த கோர்ட்டு சொல்லிச்சா?" என்றார் துரைசாமி.

"இல்ல. எங்க ஐயா எழுதிக் கேட்டார்."

"யாரு, எங்களுக்கு மாட்டேன்னாரே, அவரா?"

"அவர்தான்."

அமிர்தம்மா ராட்டையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கிக் கூண்டுல, பாத்துட்டுத்தான் குத்தினேன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க துணி கப்பல் ஏறியிருக்குமா இல்லியா?"

"ஏறியிருக்கும்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். அது பார்த்துக் குத்தினதுன்னு சொன்னா, நான் பார்த்துக் குத்தினதெல்லாம் என்னாகும்? உங்க பழைய கட்டெல்லாம் அந்த முத்திரையாலதானே போச்சு."

அவள் மூலையில் அடுக்கியிருந்த கட்டுகளைக் கை காட்டினாள்.

"அந்த நாப்பதுல நாலு கட்டு விக்காம வெச்சிகீறோம்," என்றாள். "அழுத்தினதுதான். தறியில பாக்கறதுக்கு வழி இல்ல, அது போவாது, தெரியும். ஆனா அப்புறம் நெஞ்சது ரெண்டு கட்டு கீது, இன்னும் அழுத்தல. திங்கக்கெழம எடுத்துகினு வரோம்."

"வெள்ளிக்கிழமை வேணாமா?"

"வாணாம். பாத்துட்டே குத்து."

திங்கட்கிழமை வந்தார்கள். சூடம் இல்லை, மஞ்சள் இல்லை. ஐயா கை கழுவிவிட்டு வந்தார். அன்றைக்குப் பத்துக்கு ஒன்று எடுக்கவில்லை, ரெண்டு கட்டையும் முழுசாகப் பிரித்தோம். அமிர்தம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு துணிக்கும் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு துணியில் நடுவே இழை விட்டுப் போயிருந்தது. ஐயா அதைக் கவனிக்கவில்லை, வலது பக்கம் வைக்கப் போனார். நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு இடது பக்கம் வைத்தார்.

அமிர்தம்மா கையை நீட்டி அந்தத் துணியை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மிச்சத்துக்குக் குத்தும்மா," என்றாள்.